நாலாவது கேசட்

எங்கள் கொட்டகையில் ஆண்களுக்கு ஒரு வாசல், பெண்களுக்கு ஒரு வாசல். உள்ளே நடுவில் இடுப்பு உயரத்துக்குக் கீற்றுத் தட்டி. டிக்கெட் கொடுக்கும் இடங்களும் தனித்தனி. பெண்கள் பக்கம் டிக்கெட் கிழிக்கும் வேலையில் நான் ஆறு வருடம் இருந்தேன். பத்தாவதில் கணக்குப் பாடத்தில் தவறிய பெண்ணுக்கு, பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் அந்தக் காலத்தில் அதைவிட நல்ல வேலை கிடைத்திருக்காது. வெயில் இல்லை, சேறு இல்லை, குனிந்து நட வேண்டியதில்லை. யாரிடமும் பேச வேண்டியதும் இல்லை. எனக்கு அதுதான் முக்கியம். எதிரில் ஆள் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஆபரேட்டர் அறை, மேனேஜர் அறை, சோடாக் கடை எல்லாம் ஆண்கள் பக்கம். அந்தப் பக்கம் பெண்கள் போவதில்லை. போகக் கூடாது என்று எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை. ஆனால் யாரும் போனதில்லை. சோடா வேண்டுமென்றால் தட்டிக்கு மேலே கையை நீட்டுவார்கள். என்னை வேலைக்குச் சேர்த்த அன்று மேனேஜர், "உனுக்கு மட்டும் பர்மிஷன் உண்டும்மா. ரீல் அறுந்தாலோ, பொம்பளைங்க சைடுல சண்ட வந்தாலோ, நேரா ஆபரேட்டர் ரூமுக்கு வந்து சொல்லு. நீ ஸ்டாஃபு" என்றார். ஸ்டாஃபு என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. அண்ணியிடம் போய்ச் சொன்னேன். அவள் ஒரு வாரம் என்னை, "ஸ்டாஃபு, சோறு துன்னியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட நான் அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. சண்டை வந்தபோதெல்லாம் அதுவாகவே அடங்கும்வரை காத்திருந்தேன்.

பொழுது சாயும்போது கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் சாமிப் பாட்டுப் போடுவார்கள். சுற்றிலும் இருந்த நாலைந்து ஊர்களுக்குக் கேட்கும். அந்தப் பாட்டுக் கேட்டால் டிக்கெட் கொடுக்கத் தொடங்கியாயிற்று என்று அர்த்தம். பெண்கள் உலையை இறக்கிவிட்டு ஓடி வருவார்கள்.

ஒரு தை மாதம், அறுப்பு முடிந்து கொட்டகையில் கூட்டம் நிறைந்த சமயத்தில், வெளிநாட்டிலிருந்து இரண்டு மாணவர்கள் வந்தார்கள். ஒரு பெண், ஓர் ஆண். அவர்களுடைய பல்கலைக்கழகத்தில் ஆசிய நாடுகளின் பண்பாடு, சமூகம், சினிமா என்று ஒரு படிப்பு இருந்ததாம். கிராமத்துப் பெண்கள் எப்படிப் படம் பார்க்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்ய வந்திருந்தார்கள். பொன்னேரியில் அறை எடுத்துத் தங்கி, தினமும் பஸ்ஸில் வந்தார்கள்.

"சினிமா பாக்குறதுக்கு ஒரு காலேஜா?" என்று சோடாக்கடைக்காரர் தட்டிக்கு அந்தப் பக்கம் கேட்டது என் காதில் விழுந்தது.

"ஆமாம்பா. எங்க ஊட்டுக்காரிக்கு இந்நேரம் பி.ஏ. குடுத்திருக்கணும்" என்றார் மேனேஜர்.

அந்தப் பெண்ணைத் துரைசாணி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். கைத்தறிப் புடவை கட்டியிருந்தாள். புத்தகத்தில் படித்துக் கற்ற தமிழ் பேசினாள். களத்து வேலை முடித்துவிட்டு வந்த பெண்களிடம், "தாங்கள் திங்களுக்கு எத்தனை திரைப்படங்கள் காண்கின்றீர்கள்?" என்று கேட்டாள். அவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி, "இன்னாமே சொல்லுது இது? பாட்டு பாடுதா?" என்றாள். மூன்று நாள் இப்படியே போயிற்று. டேப் ரிக்கார்டரில் சிரிப்பைத் தவிர ஒன்றும் பதியவில்லை.

நாலாவது நாள் அவள் என் டிக்கெட் அறைக்கு வந்து ஒரு தாளைக் கொடுத்தாள். அதில் கேள்விகளை அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டுமாம். தாளைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: கையில் தாள் இருந்தால் எனக்குக் கேட்க வந்தது. முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்தே படித்தேன். பெண்களும் என்னிடம் பேசினார்கள். பகலில் காலிக் கொட்டகையில், மணலில் உட்கார்ந்துகொண்டு, ஒரு வாரம் இப்படிப் பேச்சுப் பிடித்தோம். துரைசாணி என்னை, "நீங்கள் எங்கள் ஆய்வின் கண்" என்றாள். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படி ஒன்றும் சொன்னதில்லை.

அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான்.

அண்ணன் கல்யாணம் செய்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. அண்ணன் கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்திருந்த ஓர் இரும்புக் கம்பெனியில் கம்பி தூக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். எங்கள் வீட்டில் அதற்கு முன்னால் வயல் கூலி தவிர வேறு வேலை பார்த்தவர்கள் இல்லை. அதனால் அவனுக்குப் பெருமை தாங்காது. அண்ணிக்குப் பார்க்கிற எவரையும் அப்படியே செய்துகாட்ட வரும். படத்தில் வருகிற ராணி, வில்லன், அழுகிற அம்மா, எல்லோரும் அவள் தொண்டையில் இருந்தார்கள். நடவு வயலில் அவள் இருந்தால் மற்றவர்களுக்கு இடுப்பு வலி தெரியாது என்பார்கள். அண்ணன் இருக்கும்போது மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். வீட்டில் அழுதால், "எவன நெனச்சிகினு அழுவுற?" என்று கேட்கிறவன் அவன். சிரித்தாலும் அதே கேள்விதான்.

மைக்கைப் பார்த்ததும் அவள் முதலில் கேட்டது இதுதான். "இது எங்க போவும்?"

"கடலுக்கு அந்தாண்ட, அண்ணி. அங்க யாருக்கும் தமிழே தெரியாது."

"உங்கண்ணன் காதுக்கு?"

"எப்படிப் போவும்? போவாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

அதன் பிறகு அவள் பேசினாள். கொட்டகைக்கு ஏன் வருகிறீர்கள் என்று நான் தாளைப் பார்த்துக் கேட்டதற்கு, முதலில் வீட்டைக் காட்ட வேண்டும் என்றாள். அண்ணன் காலையில் கம்பெனிக்குக் கிளம்புவதைச் செய்துகாட்டினாள். கண்ணாடி முன்னால் நின்று தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தலை வாருவது, ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் இரண்டு தடவை தொண்டையைச் செருமுவது. "ஹ்ம் ஹ்ம்... இன்னாடி, நாஷ்டா ஆவலியா? ஹ்ம் ஹ்ம்... ஷிப்ட்டுக்கு நேரமாய்கினே இருக்குது. நான் ஒருத்தன் போவலன்னா கம்பெனியே நின்னுடும், தெரியுமா உனுக்கு?" அச்சு அசல் அண்ணன் குரல். எனக்குச் சிரிப்பில் மைக் ஆடியது. சுற்றி இருந்தவர்கள் மணலில் புரண்டார்கள். தமிழ் பாதி புரியாத அந்த மாணவர்கூடச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் அவள் தன் சொந்தக் குரலில், மெதுவாகச் சொன்னாள். "ஏன் வரேன்னு தான கேட்ட? இங்க மணல்ல உக்காந்துகினு இருக்கிற மூணு மணி நேரம், எனுக்குக் கல்யாணமே ஆவலன்னு நெனச்சிக்குவேன். அதுக்குத்தான் வரேன்."

மாணவர் கேசட்டை எடுத்து நாலு என்று எண் போட்டார்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் துரைசாணி என்னிடம், எல்லாக் குரல்களிலும் எது மிகவும் சிறந்தது என்று கேட்டாள். எனக்கு அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. நாலு விரலைக் காட்டினேன். அவளும் அதையே நினைத்தாளாம். சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாளை மாலை ஊருக்கு நன்றி சொல்லும் விதமாக ஏதோ செய்யப் போவதாகவும் சொன்னாள். என்ன செய்யப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு இருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. மிட்டாய் கொடுப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. புதுப்படம் வந்து இரண்டாம் நாள். ஆண்கள் வாசலில் கம்பெனி ஆட்கள் நிறையப் பேர். அண்ணனும் அவனோடு வேலை செய்கிறவர்களும் சோடாக் கடை ஓரம் நின்றுகொண்டிருந்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. நான் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். சாமிப் பாட்டு பாதியில் நின்றது. ஸ்பீக்கர் ஒரு தடவை கரகரத்தது. பிறகு என் குரல் வந்தது. "கொட்டகைக்கு நீங்கள் ஏன் வருகிறீர்கள்?"

என் குரல் அப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இரண்டு நொடி எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்து தொண்டைச் செருமல் கேட்டது. ஹ்ம் ஹ்ம்.

வரிசையில் நின்ற பெண்கள்தான் முதலில் சிரித்தார்கள். பிறகு ஆண்கள் பக்கம். "யார்ராது, நம்ப ஆளு மாதிரியே கீது!" என்று ஒருவன் கத்தினான். "மாதிரி இன்னா மாதிரி, அவன் ஊட்டுக்காரம்மா குரலுடா அது! அன்னிக்கி டீ குடுத்துச்சே!" என்றான் இன்னொருவன். "நைனா, நீ இல்லன்னா கம்பெனி நின்னுடுமாமே! அப்ப நாங்கல்லாம் இன்னாத்துக்கு வரோம்?" பெரிய சிரிப்பு. விசில்.

துரைசாணி சொன்ன நன்றி இதுதான்: ஆபரேட்டர் அறையில் டேப் ரிக்கார்டரின் முன்னால் மாணவர்கள் அறிவிப்பு மைக்கை வைத்துவிட்டிருந்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது. மைக்கை நகர்த்தினால் போதும், நின்றுவிடும்.

டிக்கெட் அறையின் பக்கக் கதவு தட்டப்பட்டது. அண்ணி. வரிசையிலிருந்து ஓடி வந்திருந்தாள்.

"நிறுத்தச் சொல்லு."

"அண்ணி..."

"இன்னும் அது வரல. கல்யாணம் ஆவலன்னு சொன்னேனே, அது இன்னும் வரல. ஓடிப் போயி நிறுத்தச் சொல்லுடி. நீ ஸ்டாஃபு தான? உன்ன யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

எழுந்தேன். கதவுவரை வந்தேன். இங்கிருந்து ஆபரேட்டர் அறைக்கு முப்பது நாற்பது அடி இருக்கும். அவ்வளவு தூரமும் ஆண்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டு, பீடி பிடித்துக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். என் கால் நகரவில்லை. "எப்படி அண்ணி போறது, இவ்ளோ ஆம்பளைங்க கீறாங்களே" என்றேன். அதைச் சொன்னது நான்தான். வேறு யாரோ சொன்னதாக எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன், முடியவில்லை.

அவள் ஒரு தடவை என்னைப் பார்த்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். ஆண்கள் வாசல் வழியாக நுழைந்து நடந்தாள்.

முதலில் யாருக்கும் என்ன நடக்கிறது என்று விளங்கவில்லை. வழி விட்டார்கள். பிறகு யாரோ, "கதாநாயகியே நேர்ல வந்துட்டாங்கப்பா!" என்றார்கள். விசில் காதைப் பிளந்தது. ஒருவன் வேண்டுமென்றே தொண்டையைச் செருமினான். அவள் யாரையும் பார்க்கவில்லை. துரைசாணி ஒரு பெஞ்சு மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணி ஆபரேட்டர் அறைக் கதவைத் தொடுவதற்குள் ஸ்பீக்கரில் அவளுடைய சொந்தக் குரல் வந்துவிட்டது. "எனுக்குக் கல்யாணமே ஆவலன்னு நெனச்சிக்குவேன்." ஊர் முழுக்க அது கேட்டது. அப்புறம் மைக்கில் ஒரு முட்டல் சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. பிறகு சாமிப் பாட்டு.

நான் உள்ளே உட்கார்ந்து மிச்ச டிக்கெட்டுகளைக் கிழித்துக் கொடுத்தேன்.

அண்ணன் அன்று அவளை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அதோடு போயிருக்கும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் பேசவே இல்லை. மறுநாள் காலை பெரியப்பாவும் ஊரில் இரண்டு பெரியவர்களும் வீட்டுக்கு வந்தார்கள். அண்ணி கதவோரம் நின்றாள். நான் அடுப்படியில்.

பெரியப்பா நல்லவர். அவளை விட்டுவிடத்தான் பார்த்தார். "பேசினது போவட்டும்பா" என்றார் அண்ணனிடம். "புருசனப் பத்தி நாலு வார்த்த பேசாத பொம்பள எந்த ஊட்ல கீறா? பொம்பளைங்க கூடிப் பேசினத அந்த வெள்ளக்காரங்க போட்டா அவ இன்னா பண்ணுவா?"

அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "பேசினத நான் கேக்கல. அத்தினி ஆம்பளைங்க நடுவுல நடந்து வந்தா பாரு. என் கூட வேல செய்யிறவன்லாம் நிக்கிறான். விசில் அடிக்கிறான். இவ ராணி மாதிரி நடந்து வரா. அதுக்கு பதில் சொல்லச் சொல்லு."

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "நீ அங்கதான இருந்த? இவள யாராச்சும் போவச் சொன்னாங்களா? நீ ஏதாச்சும் சொல்லி அனுப்பினியா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். நான் போக வேண்டிய இடத்துக்கு, நான் போகாததால் அவள் போனாள் என்று சொல்லியிருந்தால் பெரியப்பா அதைப் பிடித்துக்கொண்டு அண்ணனைச் சமாதானப்படுத்தியிருப்பார். கேசட்டைத் தேர்ந்தெடுத்தது நான், சத்தியம் செய்தது நான் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அண்ணன் பார்த்தான். அண்ணி பார்த்தாள்.

"இல்ல" என்றேன்.

பொய் இல்லை. யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை.

அன்று மாலையே அவளைக் கவரைப்பேட்டைக்கு அந்தப் பக்கம் இருந்த அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். பிள்ளை இல்லாததால் தடுத்துப் பேச யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் வேறு பெண் கட்டினான். ஆனால் 'கம்பெனி நின்னுடும்' என்ற பட்டப்பெயர் அவனை விடவில்லை. அந்தப் பெயர் பொறுக்காமல் வேறு கம்பெனி மாறினான். அங்கேயும் எங்கள் ஊர் ஆள் ஒருவன் இருந்தான்.

அண்ணியை ஒரே ஒரு தடவை பார்த்தேன். மெட்ராஸ் போகிற பாசஞ்சரில், பெண்கள் பெட்டியில். ஏதோ கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். நான் ஏறியதைப் பார்த்து, கால் நகர்த்தி இடம் கொடுத்தாள். உட்கார்ந்தேன். பொன்னேரி வரும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. நான் இறங்கும்போது, "அத்தைக்கு ஒடம்பு எப்படிக் கீது?" என்று மட்டும் கேட்டாள். என் அம்மாவைக் கேட்டாள். "பரவால்ல" என்றேன். அம்மா இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அதைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை.

அதற்கும் ஒரு வருடம் கழித்து, கொட்டகை விலாசத்துக்கு என் பேரில் ஒரு பார்சல் வந்தது. ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு கட்டுரை. துரைசாணி எழுதியது. பொன்னேரியில் டைப் கற்றுக்கொடுத்த ஒருவரிடம் கொண்டுபோய்ப் படித்துச் சொல்லச் சொன்னேன். அவர் வரி வரியாகத் தமிழில் சொன்னார். கிராமத்துப் பெண்களின் குரல்களை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தபோது ஆண்களும் பெண்களும் ஒன்றாக மகிழ்ந்து சிரித்தார்களாம். ஒரு பெண், தன் குரல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கும் ஆவலில், அதுவரை பெண்கள் நுழையாத ஆண்கள் பகுதிக்குள் துணிந்து நடந்தாளாம். சினிமாக் கொட்டகை தடுப்புகளை எப்படித் தளர்த்துகிறது என்பதற்கு அதுவே சாட்சியாம். நடுவில் ஒரு படம் இருந்தது. முந்தானையைச் செருகிக்கொண்டு அண்ணி ஆண்கள் நடுவில் நடக்கிறாள். கடைசியில் உதவி செய்தவர்கள் பட்டியலில் என் பெயர்.

"ஓகோன்னு எழுதிகீறாங்களே, உன் பேரு வேற கீது" என்றார் டைப் மாஸ்டர்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. துரைசாணிமேல் வந்ததா, என்மேல் வந்ததா என்று பிரிக்க முடியவில்லை. எதிரில் ஆள் இல்லை, தாள்தான் இருந்தது. அதனால் எழுதினேன். அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு, அண்ணி ஏன் நடந்தாள், அதன் பிறகு என்ன ஆயிற்று, எல்லாவற்றையும் ஏழு பக்கம் எழுதி அனுப்பினேன். நான் போகாமல் இருந்ததை மட்டும் எழுதவில்லை.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. அதே அழகான கையெழுத்து. என் கடிதத்தைப் படித்துக் கண்ணீர் விட்டதாக எழுதியிருந்தாள். பொய்யாக இருக்காது, அவள் நல்ல பெண்தான். தன் கட்டுரையில் பெரும் பிழை நேர்ந்துவிட்டது என்றும், அதைத் திருத்தி இன்னொரு கட்டுரை எழுத விரும்புவதாகவும், என் ஏழு பக்கங்கள் அதற்கு மிகவும் பயன்படும் என்றும் எழுதியிருந்தாள். அடுத்த ஆண்டு மீண்டும் வருகிறாளாம். அண்ணியாரைக் கண்டு சில வினாக்கள் கேட்க வேண்டும், அவர்தம் முகவரியைத் தந்து உதவ இயலுமா என்று முடித்திருந்தாள்.

முகவரி என்னிடம் இருந்தது. அண்ணியைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். கேட்டு வரலாம் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை கவரைப்பேட்டை பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பஸ் வந்தது. நான் ஏறவில்லை. துரைசாணிக்கும் பதில் போடவில்லை.